கேப்டனின் முகம்

"மதர், என் ஜெபம் மேலே போக மாட்டேங்குது," என்றார் கேப்டன் பல்தசார் மொத்தா.

மதர் அலோசியா தலை நிமிரவில்லை. பீடத்து மெழுகுதிரித் தண்டுகளில் உறைந்து கிடந்த மெழுகை, முனை மழுங்கின கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"பாதி வழியில நின்னுடுது. நானும் கேட்டுக்கிட்டேதான் இருக்கேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை."

கடலைப் பார்த்த சின்ன ஜெப இல்லம் அது. பின்பக்கம் உப்பளம். மனைவி இஞ்ஞாசியம்மாளை அடக்கம் பண்ணின பிறகு கேப்டன் அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டார். மதருக்கு அவருடைய மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் மனசு கனத்தால் அவர் போய் உட்காருவது மதருக்கு எதிரே, தரையில்தான்.

"முன்னே என்ன வேலை பார்த்தீங்க?" என்று மதர் கேட்டார்.

"கப்பல்ல ஓடினேன். ஓடி முடிச்சு, கப்பல் அதிகாரிகளுக்குச் சான்றிதழ் தேர்வு நடத்தினேன். துணை அதிகாரி, அதான் மேட், ஆகணும்னாலும், கப்பலையே நடத்துற மாஸ்டர் ஆகணும்னாலும் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்துதான் எழுந்திருக்கணும். மேசை மேல சின்னச் சின்ன மரக்கப்பல் வச்சிருப்பேன். இது இப்படி வருது, நீ எந்தப் பக்கம் திருப்புவேன்னு கேட்பேன். எல்லாம் வாய்மொழிதான்."

"அவங்க சொல்ற பதில் சரின்னா?"

"சரின்னு சொல்லக் கூடாது. தப்புன்னும் சொல்லக் கூடாது. முகத்துலயும் காட்டக் கூடாது. அதுதான் முதல் சட்டம்."

"ஏன் அப்படி?"

"தலையாட்டினோம்னா, அவன் நம்ம மூஞ்சியைப் பார்த்தே பதில் சொல்லப் பழகிடுவான் மதர். நாளைக்கு நடுக்கடல்ல யார் மூஞ்சியைப் பார்ப்பான்?"

"நியாயம்தான்."

கேப்டன் முகத்தில் பழைய பெருமை ஒன்று எட்டிப் பார்த்தது.

"பையன்க எனக்கு வச்ச பேரு கல்லுமூஞ்சி. ஒருத்தன் பாதியில என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டான். 'சார், நீங்க தலையாட்ட வேண்டாம். ஒரு தடவை இருமவாவது செய்யுங்க'ன்னான்."

மதருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"இருமினீங்களா?"

"அன்னைக்கு எனக்கு நிஜமாவே சளி. அடக்கிக்கிட்டேன்."

மதர் இன்னும் சிரித்தார். கேப்டன் சிரிக்கவில்லை.

"வீட்டுக்கும் அந்த மூஞ்சியோடதான் போனேன், மதர். கழற்றி வைக்கத் தெரியலை."

கத்தி மெதுவாகச் சுரண்டியது.

"இஞ்ஞாசி தினமும் கேட்பா. உப்பு சரியா இருக்கான்னு. நான் சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போயிடுவேன்."

"உப்பு சரியா இருந்ததா?"

"இருந்தது."

"ஒரு நாளும் தப்பலையா?"

"தப்பின நாளும் உண்டு. அன்னைக்கும் அதே மூஞ்சிதான். நான் எழுந்து போன பிறகு, என் தட்டுல மிச்சம் கிடந்ததை விரலால தொட்டு நாக்குல வச்சுப் பார்ப்பாளாம். எனக்குத் தெரியாது. ஜெசிந்தாதான் பிற்பாடு சொன்னா."

ஜெசிந்தா அவருடைய ஒரே மகள்.

"கடைசியா ஆஸ்பத்திரியில கோயில் சாமியார் வந்து, சாகப்போறவங்களுக்குக் கொடுக்கிற அவஸ்தைப்பூசுதல் கொடுத்துட்டுப் போனார். நானும் அவளும்தான் இருந்தோம். என்னையே பார்த்துக்கிட்டிருந்தா. 'ஏங்க, நான் உங்களுக்குச் சரியா இருந்தேனா?'ன்னு கேட்டா."

"என்ன சொன்னீங்க?"

கேப்டன் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"போர்வையை இழுத்துச் சரி பண்ணினேன்."

"நான் செஞ்சது தப்பா, மதர்?"

மதர் அவரைப் பார்த்தார். சிரித்த முகம் போன இடம் தெரியவில்லை. அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. மறுபடி குனிந்து மெழுகைச் சுரண்டினார்.

"பாவக் கணக்குல வருமா?"

கத்தி சுரண்டிக்கொண்டே இருந்தது.

மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் கேப்டன் வந்து உட்கார்ந்தார். அதே கேள்வியைக் கேட்டார். அதே முகம்.

அதற்கு அடுத்த நாளும் வந்தார்.

ராத்திரியெல்லாம் அவர் தூங்கவில்லை என்பது கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளங்கை வேர்த்துக்கொண்டே இருந்தது. வேட்டியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். மதர் விரல் கத்தியில் ஒரு நொடி நின்றால், அது ஆமாம் என்று அர்த்தமோ என்று நினைத்தார். வேகமாய்ச் சுரண்டினால், இல்லை என்று அர்த்தமோ என்று நினைத்தார். அந்த அம்மாவின் புருவத்தை, உதட்டை, மூச்சு விடுகிறதைக்கூட விடாமல் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லிடுங்க, மதர். தப்புன்னே சொல்லுங்க. தாங்கிக்கிடுதேன்."

மெழுகு சுருள் சுருளாய்த் தரையில் விழுந்தது.

"வாயைத் திறக்க வேண்டாம். ஒரு தடவை இருமவாவது..."

கேப்டன் வாயைப் பொத்திக்கொண்டார்.

மதர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அந்தச் சட்டத்தைச் சொல்லுங்க, கேப்டன்."

"எந்தச் சட்டம்?"

"முகத்துல காட்டக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது."

கேப்டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்த பழக்கம்.

"தேர்வு நடக்கையில, பதில் சரியா தப்பான்னு தேர்வாளர் சொல்லாலயும் முகத்தாலயும் காட்டக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"தேர்வு முடியற வரைக்கும்."

"முடிஞ்ச பிறகு?"

"முடிஞ்ச பிறகு அன்னைக்கே, நேர்ல, முகத்தைப் பார்த்து முடிவைச் சொல்லிடணும். தேறினவனோ தோத்தவனோ, தனக்கு என்ன ஆச்சுன்னு தெரியாம ஒருத்தரையும் வாசல் தாண்ட விடக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் சரி. அதுல நான் ரொம்பக் கண்டிப்பு, மதர். என் மேசையில இருந்து முடிவு தெரியாம எழுந்து போன ஆளு ஒருத்தர்கூட..."

பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டுக் கடல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மதர் கீழே சிந்திக் கிடந்த மெழுகுத் துணுக்குகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி மடியில் சேர்த்தார். கேப்டன் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். வெயில் ஏறி அவர் தோளுக்கு வந்தது, அப்போதும் நகரவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

ஜெசிந்தா. தகப்பனுக்கு மத்தியானச் சோறு அவள்தான் தினமும் கொண்டுவருவாள். கொண்டுவந்து வைப்பாள், முந்தின நாள் தூக்குச்சட்டியை எடுத்துக்கொள்வாள், போய்விடுவாள். சாப்பாடு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தாய் கேட்டுக் கேட்டு நின்றதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை.

மதர் மடியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"உங்க மேசைக்கு அடுத்த ஆளு வந்தாச்சு, கேப்டன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஜெசிந்தா தூக்குச்சட்டியைத் தகப்பன் பக்கத்தில் வைத்தாள். பழையதை எடுத்துக்கொண்டாள்.

"வாரேன்ப்பா."

வாசல் வரைக்கும் போய்விட்டாள்.

"ஜெசிந்தா."

அவள் சட்டென்று நின்றாள். அவர் அப்படிப் பின்னாலிருந்து கூப்பிட்டதே இல்லை. திரும்பினவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா, உப்பு கூடிப்போச்சா?"

தூக்குச்சட்டியை அவர் இன்னும் திறக்கவே இல்லை.