நாற்பத்து மூன்று சிவப்பு வரிகள்

குருவுக்கு முப்பத்து மூன்று வயது. சீடருக்கு நாற்பத்தாறு. பீளமேட்டில் இருந்த அந்தப் பம்ப் கம்பெனியில் இதை யாரும் விசேஷமாக எடுத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவரிடம் தெரியாதவர் கேட்டுக்கொள்கிறார், அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார்கள்.

குருவின் பெயர் கோகிலவாணி. கிணற்று மோட்டாரை ஓடவிடவும் நிறுத்தவும் சுவரில் ஒரு சின்னப் பெட்டி மாட்டியிருக்குமே, அந்தப் பெட்டிக்குள் ஓடும் இயங்குதளத்தை எழுதுவது அவர்தான். அவருக்கு மாடியில் இடம்.

சீடர் நாச்சிமுத்து பத்தொன்பது வருடம் கீழ்த்தளத்தில் இருந்தவர். புதிதாக வார்த்து வந்த பம்ப் கேசிங்கில், அதாவது பம்பின் இரும்புக் கூட்டில், தண்ணீர் ஏற்றி, எங்கேயாவது கசிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணினி வகுப்புக்குப் போய்ப் படித்து, பரீட்சை எழுதி, நான்கு மாதத்துக்கு முன்புதான் கோகிலவாணியிடம் வேலை கற்க மாடி ஏறினார். அன்றைக்குக் கீழ்த்தளத்து ஆட்கள் எல்லாரும் சேர்ந்து அவருக்கு ஒரு பேனா வாங்கிக் கொடுத்தார்கள்.

அந்தப் பேனாவால் எழுதிய முதல் கடிதத்தை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் கொண்டுவந்து குருவின் மேசையில் வைத்தார்.

“என்னங்ணா இது?”

“என்னைய மறுபடியும் கீழயே போட்டுருங்க மேடம். எல்லாம் எழுதியிருக்கறனுங்க.”

கோகிலவாணி கடிதத்தைப் பிரிக்கவில்லை.

“டெஸ்ட்டெல்லாம் ஓட்டிப் பார்த்தீங்களா?”

“பார்த்தனுங்க. அதனாலதானுங்க லெட்டரு.”

இயங்குதளத்தின் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று தனித்தனியாகப் பரிசோதிக்க, நாற்பத்து மூன்று டெஸ்ட்டுகளை மூன்று வாரமாக நாச்சிமுத்து எழுதியிருந்தார். அன்று காலைதான் முதல்முறையாக வரிசையாக ஓடவிட்டார். பாஸானால் பச்சை வரி, ஃபெயிலானால் சிவப்பு வரி. முதல் வரியே சிவப்பு. இரண்டாவதும் சிவப்பு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தால், திரை முழுக்க மிளகாய் காயப்போட்ட மாதிரி இருந்தது.

“நாப்பத்தி மூணுல ஒன்னுகூடத் தேறலீங்க மேடம். வயசுக்கு மீறி ஆசைப்பட்டுட்டனுங்க. ஈஸ்வரிகிட்டயும் சொல்லிப்போட்டேன், என்ற பெஞ்சைத் தொடச்சு வையின்னு.”

ஈஸ்வரி என்பவர் இப்போது கீழே நாச்சிமுத்துவின் பழைய சோதனை பெஞ்சில் வேலை பார்ப்பவர்.

“முதல் டெஸ்ட்ல என்ன பண்றீங்க?”

“கெணத்துத் தண்ணி மட்டம் சொல்ற சென்சார் இருக்குதில்லீங்க, அதுக்குப் போற வழியத் தொறக்கறனுங்க. அது சொல்ற மட்டம் சரியான்னு பார்க்கறேன். சரியில்லீன்னா அங்கயே நிறுத்திரச் சொல்லி எழுதியிருக்கறேன். கடைசில வழிய மூடறேன்.”

“கடைசிலயா?”

“ஆமாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம்.”

“ரெண்டாவது டெஸ்ட்ல?”

“அதுலயும் மொதல்ல அதே வழியத்தானுங்க தொறக்கணும். எல்லாத்துலயும் அப்படித்தான்.”

கோகிலவாணி அந்தச் சிவப்பு வரிகளைத் தன் திரையில் வரவழைத்துப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

“வாங்ணா. கீழ போலாம்.”

கீழே அனுப்பச் சொல்லிக் கேட்டது நாச்சிமுத்துதான். ஆனாலும் அவருக்குப் படி இறங்க மனம் வரவில்லை. ஒரு பேச்சுக்காவது வேண்டாம் என்று சொல்லியிருக்கக் கூடாதா என்று குருவின் மேல் கோபம்கூட வந்தது. இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகள் பதினெட்டுப் படிகளில் இறங்கி முடிந்தன.

ஈஸ்வரி அவரைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் தோளில் கிடந்த துணியை எடுத்து நீட்டினார். பெஞ்ச் துடைத்துத்தான் இருந்தது.

“அண்ணா, ஒன்னு ஏத்திப் பாருங்க” என்றார் கோகிலவாணி.

நாச்சிமுத்து ஒரு கேசிங்கைத் தூக்கி பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு பக்கமும் தட்டு வைத்து அடைத்து, திருகை இறுக்கினார். தண்ணீரை நிரப்பி, கைப்பிடியை அடித்து, மீட்டர் முள்ளைச் சிவப்புக் கோட்டுக்கு ஏற்றினார். இரண்டு நிமிடம் அந்த அழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பது விதி. கேசிங்கைத் துணியால் ஈரம் போகத் துடைத்துவிட்டுக் கண்ணை அதன் மேலேயே வைத்திருந்தார்.

அரை நிமிடம்கூட ஆகவில்லை. கழுத்துப் பக்கம் ஒரு சொட்டு வந்தது. துடைத்தார். அதே இடத்தில் மறுபடியும் வந்தது.

உடனே வால்வைத் திறந்தார். தண்ணீர் வாய்க்காலில் ஓடியது, முள் பூஜ்யத்துக்கு இறங்கியது. திருகைத் தளர்த்தி, கேசிங்கை இறக்கி, கசிந்த இடத்தில் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு, சுவரோரம் வைத்தார். பெஞ்சைத் துடைத்தார். அடுத்த கேசிங்கை எடுக்கக் கை போனது.

“நில்லுங்ணா. இன்னும் ரெண்டு நிமிஷம் ஆகலையே. ஏன் நிறுத்துனீங்க?”

“அதுதான் கசிஞ்சுருச்சுங்களே. அப்புறம் எதுக்குங்க காத்திருக்கறது?”

“சரி. வால்வை எதுக்குத் தொறந்தீங்க? காத்திருக்கறதை விட்ட மாதிரி அதையும் விட்டுட்டு வந்துரலாமே.”

மாடியில் என்றால் குருவை முறைக்க நாச்சிமுத்துவுக்குத் தைரியம் வந்திருக்காது. ஆனால் இது அவருடைய பெஞ்ச். குருவை மேலும் கீழுமாகப் பார்த்தார்.

“அதெப்படிங்க உடறது? கசிஞ்சாலும் எறக்கணும், கசியாட்டியும் எறக்கணும். தண்ணிய வடிக்காம எப்படிங்க எறக்கறது? இதை எறக்காம அடுத்ததை எங்க ஏத்தறது?”

“இறக்காம விட்டுட்டா, வரிசைல இருக்கற மத்த கேசிங்கெல்லாம் என்ன ஆகும்?”

ஈஸ்வரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “என்ன ஆகும் மேடம்? அது பாட்டுக்கு அங்கயே கெடக்கும். பெஞ்சுல ஏறுனாத்தானுங்களே நல்லதா நொள்ளையான்னு தெரியும்.”

“அப்ப எல்லாத்துலயும் சாக்பீஸால பெருக்கல் போட்டுரலாங்களா அண்ணா?”

“அதெப்படிங்க...” என்று ஆரம்பித்த நாச்சிமுத்து அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

ஈரம் காயாத பெஞ்சைப் பார்த்தார். சுவரோரம் இருந்த கேசிங்கைப் பார்த்தார். பிறகு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். இரண்டிரண்டு படியாக ஏறும் சத்தம் கேட்டது.

“மேடம், அண்ணன் என்ற துணியத் தூக்கிட்டுப் போறாரு” என்றார் ஈஸ்வரி.

“போகட்டும் அக்கா. குடுத்துருவாரு.”

சென்சாருக்குப் போகும் அந்த வழியை ஒரு நேரத்தில் ஒரு டெஸ்ட்தான் திறந்து வைத்திருக்க முடியும். முதல் டெஸ்ட் பாதியில் நின்றது. மூடு என்ற வரி கடைசியில் இருந்ததால், அந்த இடத்துக்கு வந்து சேரவே இல்லை. அடுத்து வந்த நாற்பத்திரண்டும் வழி கிடைக்காமல் வாசலிலேயே விழுந்திருந்தன.

திறக்கும்போதே, ‘இந்த டெஸ்ட் எப்படி முடிந்தாலும் சரி, இதை மூடிவிடு’ என்று சொல்லி வைக்க ஒரு வரி உண்டு. நாச்சிமுத்து அதை மாடிக்கு வந்த இரண்டாவது மாதமே படித்திருந்தார். எல்லாம் ஒழுங்காக முடியும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டார். இப்போது திறக்கிற ஒவ்வொரு இடத்துக்கும் கீழே அதை எழுதினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு மணி அடித்தது. அவர் எழுந்து போகவில்லை.

மூன்று மணிக்கு மறுபடி ஓடவிட்டார்.

முதல் வரி சிவப்பு. இரண்டாவது வரி பச்சை. மூன்றாவதும் பச்சை. திரையில் விரல் வைத்துக் கடைசி வரைக்கும் எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, நம்பாமல் இன்னொரு முறை எண்ணினார். பிறகு குருவின் மேசைக்குப் போய் நின்றார். ஈஸ்வரியின் துணி இன்னும் தோளில்தான் கிடந்தது.

“நாப்பத்திரண்டு தேறிருச்சுங்க மேடம்.”

“சந்தோஷம்ங்ணா.”

அவர் போகவில்லை.

“அந்த ஒன்னு மட்டும் இன்னும் ஃபெயிலுதானுங்க. வறண்டு கெடக்கற கெணத்துலயும் தண்ணி இருக்குதுன்னு சொல்லுது. அப்படியே போனா தண்ணியில்லாம ஓடி, மோட்டாருக்குள்ள இருக்கற காயில் கம்பி கருகிருமுங்க.”

“ஆமா, கருகிரும். அந்தப் பகுதிய எழுதினது யாரு?”

நாச்சிமுத்து தயங்கினார்.

“நீங்கதானுங்க.”

“நான்தான்” என்றார் கோகிலவாணி. “இத்தனை நாளா எனக்கே தெரியல. சாயங்காலத்துக்குள்ள ரெண்டு பேரும் உக்காந்து பார்த்துரலாம்.”

நாச்சிமுத்துவின் கண் மேசை மேல் போனது. கடிதம் காலையில் வைத்த இடத்திலேயே, மடிப்புக் கலையாமல் இருந்தது.

“அந்த லெட்டருங்க மேடம்...”

கோகிலவாணி அதை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

“பத்தொன்பது வருஷத்துல எத்தனை பம்பு கசிஞ்சு பார்த்திருப்பீங்க?”

“அதுக்குக் கணக்கே இல்லீங்க.”

“அதுல எந்தப் பம்புக்காக லெட்டர் எழுதுனீங்க?”