செந்தொண்டைச் சிட்டு வந்த காலை

கோடியக்கரையில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு பானுதான் குரு. அவளுடைய சட்டம் ஒன்றே ஒன்று: பார்த்ததை நின்ற இடத்திலேயே நோட்டில் எழுதிவிட வேண்டும், பறவைப் புத்தகத்தை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும்.

அவளுடைய சீடர்களில் வயதில் மூத்தவர் நாகரத்தினம். ஓய்வு பெற்ற தாசில்தார். ஊருக்கெல்லாம் சான்றிதழ் கொடுத்தே பழகியவர், இப்போது தன் மகள் வயதுக்காரியிடம் கையெழுத்துக்காக நோட்டை நீட்டிக்கொண்டு நின்றார்.

சும்மா இல்லை. அன்று காலை உப்பளத்து ஓரப் புல்லில் அவர் பார்த்தது சைபீரியாவின் செந்தொண்டைச் சிட்டு. வழி தவறினால்தான் அந்தப் பாட்டுக்காரப் பறவை இந்தப் பக்கம் தலைகாட்டும். பானு ஒப்புக்கொண்டால் வட்டாரப் பட்டியலில் பறவையின் பேரோடு அவர் பேரும் ஏறும். எட்டு வருஷம் வெயிலில் காய்ந்ததற்கு அவருக்கு அந்த ஒரு ஆசைதான்.

பானு நிதானமாகப் படித்தாள்.

“தொண்டை சிவப்புன்னு எழுதியிருக்கீங்க சார்.”

“ரத்தச் சிவப்பும்மா. என் கண்ணாலே பார்த்தேன்.”

“கால் வெளிர் பழுப்பு?”

“ஆமா.”

“புல் எவ்வளவு உயரம்?”

“கணுக்கால் உயரம். தலையும் கழுத்தும் மட்டும்தான் வெளியே…”

நாகரத்தினம் பாதியில் நிறுத்தினார். முகம் சுண்டிப்போயிற்று.

“புத்தகத்தைப் பார்த்துட்டுத்தான் எழுதினேன். பேர் தெரியாம கை ஓடலை. ஆனா பறவை வந்தது நிஜம்மா.”

“வந்திருக்கும். அதுல எனக்குச் சந்தேகம் இல்லை.”

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “அப்ப கால் வரியை அடிச்சிடறேன். மிச்சத்துக்குக் கையெழுத்துப் போடுவியா?”

பானு பென்சிலை எடுத்தாள். “எவ்வளவு நேரம் இருந்துச்சு?”

“அஞ்சு நிமிஷமாவது இருக்கும்.”

“எந்தப் பக்கமா பறந்து போச்சு?”

நாகரத்தினம் யோசித்தார். புத்தகத்தில் சரியான பக்கத்தைக் கண்டுபிடித்து, ‘இதேதான்’ என்று சந்தோஷமாக நிமிர்ந்தபோது புல் காலியாக இருந்தது. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொன்னார்.

பானு பென்சிலைக் கீழே வைத்தாள்.

“அவ்வளவு தூரத்திலேருந்து வந்து, உங்க முன்னால அஞ்சு நிமிஷம் நின்னிருக்கு சார். நீங்க அதோட படத்தைப் பார்த்துட்டு இருந்திருக்கீங்க.”