திறந்தே கிடந்த கதவு

சங்கரவடிவு கதை சொல்லிப் பிழைப்பவர். கோயில் கொடைத் திருவிழாக்களில் சொல்வார். வீட்டில் நாலைந்து பேருக்குக் கற்றுக்கொடுப்பார். அந்த மாணவர்களில் மாசானம் ஆசிரியரைவிடப் பதினைந்து வயது மூத்தவர். முப்பது வருஷம் வெளிமாநில லாரி ஓட்டியவர். மனைவி முத்துப்பேச்சி புற்றுநோயில் படுத்த பிறகு, அவளுக்குச் சொல்வதற்காகவே கதை கற்றுக்கொள்ள வந்தார்.

அவர் பிடித்துக்கொண்டது கதவுக் கதை. வீட்டுச் சுவரில் ஒரு கதவு திறக்கும், அந்தப் பக்கம் வேறொரு உலகம் இருக்கும். இதற்குச் சங்கரவடிவு ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். உள்ளே போனவரை அன்றைக்கே வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டுத்தான் கதை சொல்பவர் எழுந்திருக்க வேண்டும்.

மாசானம் அதை மீறினார். குறை சொல்லவும் முடியாது. வலியில் துடிப்பவளைத் திரும்ப அதே கட்டிலில் கொண்டுவந்து போட யாருக்குத்தான் மனசு வரும்?

ஒருநாள் ஆசிரியரிடம் வந்து உண்மையைச் சொன்னார். அவர் சொல்லும் கதையில் நாலு மாசமாக முத்துப்பேச்சி கதவுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறாள். அங்கே மலை ஏறுகிறாள், வயிறாரச் சாப்பிடுகிறாள். முதலில் கண் மின்னக் கேட்டாள், இரண்டு வாய் கஞ்சி கூடக் குடித்தாள். இப்போது பேச்சே இல்லை. மகள் வந்தால்கூட சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். இந்த வாரம் தாண்டாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தக் கதை நல்லதா கெட்டதா, வாத்தியாரம்மா?"

"போறவளுக்கும் அந்த ஊர் புதுசு, கேக்கவளுக்கும் புதுசு. அதனால கேக்கவளும் கூடவே போயிருதா. அதுதான் அதோட பலம், அண்ணாச்சி."

"பலவீனம்?"

"மதினி அங்க நடக்கும்போது இங்க என்ன நடக்கு?"

மாசானம் யோசித்தார். இந்தப் பக்கம் ஒன்றும் நடக்காது, எல்லாம் அப்படியே நிற்கும், இந்த மாதிரிக் கதையில் அதுதானே வழக்கம் என்றார்.



"இன்னைக்கு நீங்க சொல்லாதீங்க. மதினியைச் சொல்லச் சொல்லுங்க."

பதினேழு நாள் கழித்து மாசானம் மொட்டைத் தலையோடு வந்தார். ஆண்பிள்ளை இல்லாததால் கொள்ளியும் அவர்தான் வைத்திருந்தார்.

ஆசிரியர் சொல்லி அனுப்பிய அன்று மாலையே முத்துப்பேச்சி கதை சொன்னாளாம். குரல் எழும்பவில்லை, வாயருகே காதை வைத்துத்தான் கேட்க முடிந்தது. மலை ஏறியதெல்லாம் முதல் பத்து நாள்தானாம். அதற்கப்புறம் தினமும் கதவுப் பக்கத்திலேயே உட்கார்ந்து, இந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

"பெறகு ஏம்ளா திரும்பி வரலைன்னு கேட்டேன். 'நீங்க கூப்பிடலையே'ன்னா."

மறுநாள் காலையில் அவளுக்கு நினைவு தப்பிவிட்டது. கூப்பிட்டும் பார்த்தார். அவளுக்குக் கேட்கவில்லை.

இதைச் சொல்லும்போது மாசானம் அழவில்லை. கோபமாக இருந்தார்.

"கூட்டிட்டு வந்திருந்தாலும் இங்க என்ன இருக்கு, வாத்தியாரம்மா? அதே கட்டிலு. அதே வலி."

"கட்டில் பக்கத்துல நீங்க இருந்தீங்களே, அண்ணாச்சி."