மூன்றாவது பலூன்

சீடருக்கு ஐம்பத்தெட்டு வயது. குருவுக்கு முப்பத்தொன்று. உலகம் இதைத் தலைகீழ் என்று சொல்லும், சொல்லிவிட்டுப் போகட்டும்.

சீடர் பெயர் அருளப்பன். முப்பது வருடம் அடுத்தவர்களுடைய பாட்டுக்குக் கீபோர்டு வாசித்தவர். இப்போதுதான் முதல்முறையாக ஒரு படத்துக்குத் தன் பெயரில் பின்னணி இசை அமைக்கிறார். குரு பர்வீன். விருகம்பாக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து ஒலிக்கலவை செய்கிறவள். கம்ப்யூட்டரில் இசை செய்யும் வித்தையை அவருக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். அவர் அவளை ‘மேடம்’ என்பார். அவள் எவ்வளவோ சொல்லிப் பார்த்தும் மாற்றிக்கொள்ளவில்லை.

படத்தில் ஒரு காட்சி. ரயில்வே கேட்கீப்பர் ஒருவர் மதிய நேரத்தில் தன் குவார்ட்டர்ஸில் தனியாகச் சாப்பிடுகிறார். மனைவியை இழந்தவர். படத்தில் யாரும் அதை வாயால் சொல்வதில்லை. இசைதான் சொல்ல வேண்டும் என்று இயக்குநர் பிடிவாதமாக இருந்தார். அருளப்பன் கொடுத்ததை மூன்று தடவை திருப்பி அனுப்பிவிட்டார். திங்கட்கிழமைக்குள் சரியாக வரவில்லையென்றால் படம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வியாழக்கிழமை அவர் பர்வீனிடம் வந்து உட்கார்ந்தார்.

“மேடம், தனிமைய எப்படிக் கேக்க வைக்கிறது?”

“போடுங்க, கேப்போம்.”

போட்டார். ஒற்றை வயலின். அதற்கு மேல் எதிரொலி, எதிரொலிக்கு மேல் எதிரொலி.

“அவர் எங்க உக்காந்து சாப்பிடுறார் சார்?”

“பத்துக்குப் பத்து ரூம்ல.”

“சத்தத்த வச்சுப் பாத்தா, மாதா கோயில் நடுவுல இலை போட்ட மாதிரி இருக்கே.”

அருளப்பனுக்குச் சுருக்கென்றது. மென்பொருளில் இருந்த எதிரொலிகளிலேயே பெரிய அரங்கத்தினுடையதைத் தேடிப் பிடித்துப் போட்டிருந்தார். இடம் பெரிதானால் தனிமையும் பெரிதாகும் என்று நினைத்துவிட்டார், பாவம்.

பர்வீன் இழுப்பறையிலிருந்து மூன்று பலூன், ஒரு குண்டூசி, கையடக்க ரெக்கார்டர் ஒன்று, எல்லாவற்றையும் எடுத்து மேசையில் வைத்தாள்.

“ஒரு ரூம்ல போய் பலூன ஊதி உடைங்க. அந்த ரூம் எப்படி அதிருதுன்னு பதிவு பண்ணிட்டு வாங்க. அத இதுல ஏத்திட்டா, நம்ம வயலின் அந்த ரூம்லயே வாசிச்ச மாதிரி கேக்கும்.”

“எந்த ரூம்ல மேடம்?”

“தனியா இருக்கிற ரூம்ல.”

ஐம்பத்தெட்டு வயது மனிதர் சட்டைப்பையில் பலூனோடு பஸ் ஏறினார். முதல் பலூனைப் பாதியில் நின்றுபோன ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் அடித்தளத்தில் உடைத்தார். இரண்டாவதை, காவலாளியிடம் கெஞ்சிக் கேட்டு, விடுமுறை விட்டிருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வகுப்பறையில்.

சனிக்கிழமை பர்வீன் இரண்டையும் கேட்டாள்.

“முதல் ரூம் பெருசா இருக்கு.”

“ரெண்டாவது?”

“காலியா இருக்கு.”

“ரெண்டும் தனிமை இல்லையா?”

“இன்னும் ஒரு பலூன் இருக்கில்ல சார்?”

அவருக்குக் கோபம் வந்தது. சின்னப் பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தார். வில்லிவாக்கத்தில் தன் வீட்டுக் கதவைத் திறந்ததும் அது தானாக அடங்கிவிட்டது. கோபத்தைக் காட்டுவதற்கும் வீட்டில் ஒரு ஆள் வேண்டுமே.

மனைவி பிலோமினா போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. கூடத்திலேயே படுக்கை, கூடத்திலேயே வேலை, மெஸ்ஸிலிருந்து பொட்டலச் சாப்பாடு. அடுப்படிக் கதவை அவர் சாத்தியே வைத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்தக் கதவைத் திறந்தார். எல்லாம் அவள் கவிழ்த்து வைத்தபடியே இருந்தன. அவள் பெயர் பொறித்த தட்டுகள், டம்ளர்கள், அவரைத் தொட விடாத அந்தப் பெரிய தூக்குவாளி. நடுவில் நின்று பலூனை ஊதினார். பாதியிலேயே மூச்சு வாங்கியது. அவள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். குண்டூசியால் குத்தினார்.

சின்ன இடம், வெடித்த சத்தம் உடனே அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் இன்னொன்று கேட்டது. ஸ்டாண்டில் இருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் எல்லாம் சேர்ந்து மெல்ல ரீங்கரித்தன. இரண்டு நொடி இருக்கும். பிறகு நின்றுவிட்டன. அவர் ரெக்கார்டரை அணைக்காமல் அப்படியே நின்றுகொண்டிருந்தார்.

வாசல் கதவை யாரோ தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர்.

“என்ன சார் சத்தம், சிலிண்டரா?”

“பலூன்.”

“ஏதும் விசேஷமா?”

“இல்ல.”

கீழ்வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு இறங்கிப் போனார். துக்கம் கேட்க வந்தவர்களுக்குப் பிறகு அந்தக் கதவைத் தட்டிய முதல் ஆள் அவர்தான். உள்ளே வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லையே என்று அருளப்பன் அன்று முழுக்க வருந்தினார்.

திங்கட்கிழமை காலை பர்வீன் வயலினை அந்த அறைக்குள் ஏற்றி, காட்சியோடு சேர்த்து ஓடவிட்டாள். திரையில் கேட்கீப்பர் சோற்றைப் பிசைந்தார். வயலின் ஒரு சுரம் வாசித்து நின்றது. நின்ற இடத்தில் பாத்திரங்கள் லேசாக முனகின.

அருளப்பன் நாற்காலியில் நெளிந்தார். முப்பது வருடமாக ஒலிப்பதிவில் இரைச்சலுக்குப் பயந்தே பிழைத்தவர் அவர்.

“கடைசியில சுத்தமா இல்ல மேடம். அந்தப் பாத்திரச் சத்தத்த வெட்டிடட்டுமா?”

“எந்த ரூம் சார் இது?”

“எங்க வீட்டு அடுப்படி.”

அவள் மறுபடியும் ஓடவிட்டாள். கேட்கீப்பர் மறுபடியும் பிசைந்தார். பாத்திரங்கள் மறுபடியும் முனகின.

“பாத்திரமெல்லாம் அவங்க வாங்கினதா?”

“ஆமா.”

அவர் மவுஸைப் பிடித்தபடி அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாராளமா வெட்டுங்க சார்,” என்றாள் பர்வீன். “வெட்டிட்டீங்கன்னா, அந்த மனுஷனுக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஆயிடும்.”