மாமரத்துக்குப் போட்ட பொன் ஒட்டியாணம்

கேளுங்கள் பெரியோர்களே, மடியில் பிள்ளை வைத்திருப்பவர்களும் கேளுங்கள். வெகு காலத்துக்கு முன்னால் குன்றையூரைத் திண்தோளன் என்றொரு ராஜா ஆண்டான். சித்திரை முதல் நாள் அவன் சபையில் ஒரு வழக்கம் உண்டு. அரண்மனையில் இருக்கும் ஒவ்வொருவரும் முன்னால் வந்து, தான் செய்யும் வேலையைச் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாதவருக்கு அன்றோடு சீட்டு கிழிந்தது. மந்திரி நுண்மதியார் மட்டும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கேள்வி கேட்பதுதான் அவர் வேலை.

ஒரு வருஷம் நீக்குவதற்கு ஆளே மிச்சமில்லை. மந்திரியின் பார்வை தோட்டத்து மாமரத்தின் மேல் விழுந்தது. கொட்டை ஊன்றி அதை வளர்த்தவள் தோட்டக்காரி மருதாயி. மரத்துக்கு வாய் இல்லாததால் அவளைப் பதில் சொல்லச் சொன்னார்கள்.

“இலை என்ன செய்கிறது?”

“வெயிலை வாங்கிச் சோறாக்குதுங்க.”

“வேர்?”

“தண்ணி உறிஞ்சி மேல அனுப்புதுங்க.”

“பட்டை?”

“இலை ஆக்குன சோத்தை வேருக்குக் கொண்டுபோறது அதுதாங்க. உள்பக்கம் ஈரமா, நூல் நூலா நார் இருக்கு. அது வழியாத்தான் இறங்குது.”

சபை சிரித்தது. “சோறு இறங்கியதை யாராவது பார்த்தீர்களா?” என்றார் மந்திரி. யாரும் பார்க்கவில்லை. ‘அப்படியானால் பட்டைக்கு வேலையே இல்லை’ என்று அன்றே அடிமரத்தில் ஒரு சாண் அகலத்துக்குச் சுற்றிலும் பட்டையை உரித்து, அந்த இடத்தில் பொன் ஒட்டியாணம் மாட்டினார்கள்.

அந்தப் பருவத்தில் பழம் என்றும் இல்லாத இனிப்பு. கீழே போக வழியில்லாத சோறெல்லாம் பழத்திலேயே தங்கிவிட்டது. அது தெரியாத ராஜா, மந்திரிக்கு மூன்று பட்டம் கொடுத்தான். மறு வருஷம் இலை வெளுத்தது, கிளை வாடியது, வேர் பட்டினியில் சுருங்கியது. மந்திரி தீர விசாரித்து, “தோட்டக்காரி தண்ணீர் விடவில்லை, தலையை வாங்குங்கள்” என்றார்.

மருதாயி வாயை மூடவில்லை.

“மகாராசா, மந்திரி அய்யாவோட தொண்டையையும் ஒரு தடவை விசாரிங்க. பல்லு மெல்லுது, வயிறு செரிக்குது, தொண்டை என்ன பண்ணுது? மூணு நாளைக்கு அதுக்கு ஓய்வு குடுங்க. அய்யா எதை வேணும்னாலும் மெல்லட்டும், தண்ணியும் குடிக்கட்டும். சோறு மட்டும் உள்ள இறங்கக் கூடாது. அவரு நல்லா இருந்தா என் தலையை எடுத்துக்குங்க.”

ராஜாவுக்கு வேடிக்கை என்றால் உயிர். முதல் நாள் மந்திரி லட்டை மென்று துப்பிவிட்டு, ருசி பிரமாதம் என்றார். இரண்டாம் நாள் அதிரசத்தை மென்று துப்பிவிட்டு அழுதார். மூன்றாம் நாள் கால் மடங்கிச் சபை நடுவே விழுந்தார்.

“காலுக்கு என்ன கேடு? நான் தொண்டையைத்தானே நிறுத்தினேன்?” என்றான் ராஜா. கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

அவன் கை காட்டியதும் மருதாயி தோட்டத்துக்கு ஓடினாள். ஒட்டியாணத்தைக் கழற்றி எறிந்தாள். மாவின் இளங்குச்சிகளைச் சீவி, உரித்த இடத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகிப் பாலம் போலக் கட்டினாள். மூன்று மாதத்தில் மரம் துளிர்த்தது. அவள் அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

ராஜா மகிழ்ந்துபோய், மந்திரியின் தொண்டைக்கு ‘அன்னக் காவலர்’ என்று பட்டம் கொடுத்தான். மருதாயிக்கு ஏதாவது கொடுக்க அவனுக்குத் தோன்றவில்லை.

உடம்போ மரமோ நாடோ, தன் கண்ணுக்குத் தெரியாத வேலையை வேலையே இல்லை என்று வெட்டுகிறவன் முழுசையும் கொல்கிறான்.