கதவுக்கு வெளியே இரண்டு உறுப்பினர்கள்

கீழ்க்கரை என்று ஒரு மாநிலம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தேட வேண்டாம், கிடைக்காது. அதன் சட்டமன்றத்தில் தொண்ணூறு உறுப்பினர்கள். தெய்வானை முதன்முறை ஜெயித்து வந்தபோது அதில் பெண்கள் இரண்டே பேர். ஆளுங்கட்சியில் இவள், எதிர்க்கட்சியில் பரிமளம்.

அந்தக் கட்டடத்தைக் கட்டியவர்களுக்குப் பெண்களும் உறுப்பினராக வருவார்கள் என்ற நினைப்பே இருந்திருக்காது போல. பெண்கள் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் முற்றத்தைத் தாண்டி, அச்சகத்துக்குப் பின்னால் போக வேண்டும். ஓட்டெடுப்புக்கு முன் மணி அடிக்கும். மணி நின்றதும் கதவைப் பூட்டிவிடுவார்கள். முதல் கூட்டத்தொடரிலேயே தெய்வானை பூட்டிய கதவின் முன் வந்து நிற்கும்படி ஆயிற்று. "அம்மா எங்கேயோ அவசர வேலையாப் போயிட்டாங்க" என்று உள்ளே ஒருவர் சொல்ல, மன்றமே சிரித்தது அவள் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலமே அவள் பரிமளத்தைப் போய்ப் பார்த்தாள். "நான் வெளியே போனா நீங்களும் எந்திரிச்சு வாங்க. நீங்க போனா நான் வர்றேன். கதவைப் பூட்டினா ரெண்டு பக்கமும் ஒரு ஓட்டுக் குறையும். யாருக்கும் நஷ்டமில்ல."

பரிமளம் ஒத்துக்கொண்டாள். "பேச்சு மாறக் கூடாது."

"மாறினா என்கூடப் பேசாதீங்க."

அதற்குத் துணைக்குப் போவது என்று பேர் வந்தது. இரண்டு பெண்கள் எதிரெதிர் வரிசையிலிருந்து எழுந்து சேர்ந்து நடந்தால், "கூட்டணிப் பேச்சு ஆரம்பிச்சாச்சு" என்று பின்வரிசையில் கிண்டல் கிளம்பும். அவர்களும் சிரித்துக்கொண்டே போய்விட்டு வருவார்கள். வருஷங்கள் போகப் போகப் பெண்கள் நாலு பேரானார்கள், ஏழு பேரானார்கள், கடைசியில் பதினோரு பேர். பிரசவம், காய்ச்சல் என்று எதற்கும் இதே ஏற்பாடு. எழுத்தில் ஒரு வரி கிடையாது. ஆனால் ஒருத்தியும் ஒரு நாளும் மீறியதில்லை.

அப்படி இருக்கையில்தான் அந்த மசோதா வந்தது. மன்றத்தில் பாதி இடம் பெண்களுக்கு. மன்றத்தின் அமைப்பையே மாற்றுகிற மசோதா என்பதால் அதற்குத் தனி விதி. அன்றைக்கு வந்தவர்களில் எந்தப் பக்கம் அதிகம் என்று பார்க்க மாட்டார்கள். எத்தனை பேர் வந்தாலும் சரி, ஆதரவாக நாற்பத்தாறு கைகள் உயர வேண்டும். ஆதரவாளர்களை எண்ணிப் பார்த்தால் தெய்வானையோடு சேர்த்து சரியாக நாற்பத்தாறு. எதிர்க்கட்சி மொத்தமும் எதிர்ப்பு. அந்தக் கட்சியில் ரெஜினா என்ற இளம் உறுப்பினர், நிறைமாதத்துக்குப் பக்கத்தில் இருந்தாள். "ஆதரிச்சுக் கை தூக்கினா கட்சியில இடமில்ல" என்று கொறடா அவளிடம் தனியாகச் சொல்லியிருந்தார்.

விவாதம் மதியத்துக்குப் பிறகும் நீண்டது. ரெஜினா மெல்ல எழுந்து எதிர்வரிசையைப் பார்த்தாள். அன்று அவளுக்குத் துணையாக வர வேண்டியவள் தெய்வானை. இன்னும் எத்தனையோ பேர் பேசப் பெயர் கொடுத்திருக்கிறார்களே, போய்விட்டு வந்துவிடலாம் என்று தன்னைத் தேற்றிக்கொண்டு எழுந்தாள்.

அவள் நாற்காலி காலியானதை யாரோ கவனித்துவிட்டார்கள். பேசப் பெயர் கொடுத்திருந்த எதிர்க்கட்சியினர் ஒருவர் பின் ஒருவராக விலகிக்கொண்டு, "பேசினது போதும், ஓட்டுக்கு விடுங்க" என்றார்கள்.

பெண்கள் இருவரும் அச்சகத்தருகே திரும்பி வந்துகொண்டிருந்தபோது மணி அடித்தது. ரெஜினா இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டாள்.

"ஓடுங்கக்கா."

"நீ?"

"எனக்கு ஒண்ணுமில்ல. வயிறுதான் பெரிசு. இதைத் தூக்கிட்டு ஓட முடியுமா?"

"உன்னை விட்டுட்டு ஓடினா நான் கொடுத்த பேச்சு என்னாகுறது?"

"நான்தானே சொல்றேன், போங்க. நின்னு பேச நேரமில்ல." சொல்லிவிட்டு ரெஜினா அச்சகத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

தெய்வானை ஓடினாள். அறுபதைத் தாண்டிய முழங்கால்கள். கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, பூட்டப்போன கதவுக்குள் பக்கவாட்டில் நுழைந்தாள். கைகளை எண்ணினார்கள். நாற்பத்தாறு. மேசைகள் அதிர்ந்தன. தெய்வானை மட்டும் தட்டவில்லை. எதிரே ரெஜினாவின் காலி இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் பரிமளம் வழிமறித்தாள். "இத்தனை வருஷத்துல நான் ஒரு நாளாவது ஓடியிருக்கேனா?"

"இல்ல. நான் செஞ்சது தப்புதான்."

"நான்தான் ஓடச் சொன்னேன்" என்றாள் பின்னால் வந்த ரெஜினா.

"சொல்ல நீ யாரு? அது உன் சொந்த விஷயமா? எல்லாருக்கும் பொது. இனிமே எங்க பக்கத்துல இருந்து ஒருத்தியும் துணைக்கு வர மாட்டா."

தெய்வானை ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். அடுத்த தேர்தலில் நாற்பத்தைந்து பெண்கள் உள்ளே வருவார்கள். அவர்களுக்கு நாற்காலி இருக்கும், எதிர்வரிசையில் நம்புவதற்கு ஓர் ஆள் இருக்காது.

ஓடியவள் தெய்வானை. ஓடச் சொன்னவள் ரெஜினா. இனி வர மாட்டோம் என்றவள் பரிமளம். நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் செய்தது சரி?

விடை: ரெஜினா செய்தது. மற்ற ஓட்டெடுப்புகளில் ஒருத்தியின் குறைவுக்கு இன்னொருத்தியின் குறைவு ஈடு. இந்த ஓட்டெடுப்பிலோ எதிர்ப்பவர்கள் எத்தனை பேர் என்ற கேள்வியே இல்லை. ரெஜினா உள்ளே இருந்தாலும் வெளியே இருந்தாலும் அவள் கட்சிக்கு எல்லாம் ஒன்றுதான். தெய்வானை வெளியே இருந்தால் மசோதாவே இல்லை. இரண்டு பக்கமும் சமமாக இழப்பதற்குக் கொடுத்த பேச்சை வைத்து ஒரு பக்கத்தை மட்டும் தோற்கடிப்பது நியாயமாகாது. தெய்வானை அதை யோசிக்காமல், பேச்சை மீறுகிறோம் என்று எண்ணியே ஓடினாள். பரிமளமும் யோசிக்காமல் கோபப்பட்டாள். ரெஜினாவுக்கு மட்டும் தெரிந்திருந்தது. ஒரு வார்த்தையும் பேசாமல் மெதுவாக நடந்திருந்தாலே அவள் கட்சி ஜெயித்திருக்கும், அவளை யாரும் குறை சொல்லவும் முடியாது. இதையெல்லாம் ரெஜினா பரிமளத்திடம் எடுத்துச் சொன்னாள். கேட்டு முடித்ததும் பரிமளம், தெய்வானை உட்கார்ந்திருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "முட்டி வலிக்குதா?" என்று கேட்டாள்.

"வலிக்காம?" என்றாள் தெய்வானை.