சந்தைக் கல்லும் குருவம்மாவும்

பூதங்கள் திரிந்த ஒரு நாட்டில், எவனுக்கு லெவல் அதிகமோ அவன் சொல்வதுதான் நெல்லுக்கு விலை. உயிரைக் கொன்றால் லெவல் ஏறும். சந்தை நடுவே நின்ற மந்திரக் கல்லில் கை வைத்தால் அவரவர் லெவல் எண்ணாக ஒளிரும்.

பூதங்களைக் கொன்று பேர் வாங்கிய தளபதி ரணகேது கல்லைத் தொட்டான். அறுபது என்று ஒளிர்ந்தது. "மூட்டைக்கு ஒரு காசு" என்றான்.

ஆற்றங்கரையில் நெல் போடும் குருவம்மா முன்னால் வந்தாள். "அந்த விலைக்குக் குடுத்தா அடுத்த போகம் விதைக்க முடியாதுங்க."

"விலை பேச நீ யார்? எதைக் கொன்றாய்?"

"எந்த உயிரா இருந்தாலும் கணக்குல சேருங்களா?"

"எறும்பைக் கொன்றாலும் சேரும், போ!" என்று சிரித்தான்.

உழவர்களைக் கல்லைத் தொடச் சொல்ல அதுவரை யாருக்கும் தோன்றியதே இல்லை. அரிவாள் பிடித்துக் காய்த்துப்போன கையை அவள் வைத்தாள். எண் ஆயிரத்தைத் தாண்டியது, லட்சத்தைத் தாண்டியது, நிற்கவேயில்லை.

"யாரைக் கொன்றாய்?" என்று கேட்டான் ரணகேது.

"நெற்பயிருங்க. ஒவ்வொண்ணும் உயிரோட நின்னுச்சு. நீங்க சோறு தின்ன நான்தான் அறுத்தேன்."

கையை எடுக்காமலே சந்தையைத் திரும்பிப் பார்த்தாள். "இப்போ விலையை நான் சொல்றேன்."